குழாய்க்குக் கருத்து கிடையாது

எனக்குத் தாடி இருந்திருக்கிறது. இரண்டு முறை சிறைக்குப் போய் வந்திருக்கிறேன். குடிபோதையில் பைக்கோடு பாலத்திலிருந்து விழுந்து, சேற்றில் கிடந்தபடி ஆண்டவரைக் கண்டிருக்கிறேன். எனக்கு நாலைந்து மனைவிகள். எல்லாருமே பொறுமைசாலிகள், எல்லாருமே நன்றாகச் சமைப்பார்கள். இதையெல்லாம் மண்டபம் நிறைய ஆட்கள் முன்னால், கையில் மைக் பிடித்து, கூசாமல் சொல்லியிருக்கிறேன்.

பயப்பட வேண்டாம். நான் எங்கள் சபையின் மொழிபெயர்ப்பாளர். வெளியிலிருந்து வருகிற பிரசங்கியார் அவர் மொழியில் ஒரு வாக்கியம் சொல்வார், நான் அதைத் தமிழில் சொல்வேன். அவர் "நான்" என்றால் நானும் "நான்". அவர் கையை உயர்த்தினால் நானும் உயர்த்த வேண்டும். அவர் அழுதால் எனக்கும் தொண்டை அடைக்க வேண்டும். என் மகளுக்கு இது ஒரு விளையாட்டு. ஒவ்வொரு கூட்டமும் முடிந்து வீட்டுக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு நீ யாரும்மா?" என்று கேட்பாள். "இன்னைக்கு நான் விமானம் ஓட்டினவன்டி" என்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

இந்த ஊழியத்துக்கு என்னை எடுத்தபோது பாஸ்டர் ஒரே ஒரு அறிவுரைதான் சொன்னார். "சிஸ்டர், பிரசங்கம் பண்ற ஊழியக்காரர் தண்ணித் தொட்டி. நீங்க குழாய். குழாய்க்குக் கருத்து கிடையாது. சரியா?" சரி என்று தலையாட்டினேன். அன்றைக்கு அது எனக்கு நல்ல உவமையாகக்கூடப் பட்டது.

எனக்கு முன்னால் மொழிபெயர்த்தவர் ஓர் ஆண். அவர் மேடை மேலேயே, பிரசங்கியாரின் தோளோடு தோளாக நிற்பார். அவர் வேலை மாறிப் போன பிறகு அந்த மொழி தெரிந்த ஆள் சபையில் நான் ஒருத்திதான் மிஞ்சினேன். ஆனால் ஒரு பெண் மேடையேறிப் பிரசங்க மேசைக்குப் பக்கத்தில் நிற்கலாமா? சபையை நடத்துகிற மூப்பர்கள் உட்கார்ந்து பேசினார்கள், உபவாசம் இருந்தார்கள், மறுபடியும் பேசினார்கள். கடைசியில் மேடைக்குக் கீழே, தரையில், கறுப்பு டேப்பால் ஒரு பெருக்கல் குறி ஒட்டினார்கள். நான் அதன் மேல் நிற்க வேண்டும். அங்கே நின்று பேசினால் அது பிரசங்கம் ஆகாது. மேடை முழங்கால் உயரம்தான்; அந்த முழங்கால் உயரத்தில் எங்கள் சபையின் ஒழுங்கு காப்பாற்றப்பட்டது. நேரலை கேமரா மேடையைப் பார்த்து இருப்பதால் அதில் என் நெற்றி மட்டும்தான் தெரியும். என் சித்தி ஒருமுறை போன் செய்து, "உன் நெத்தி நல்லாப் பேசுச்சுடி" என்றாள்.

எங்கள் சபையைப் பழங்காலத்துச் சபை என்று யாரும் சொல்லிவிட முடியாது. முன்பு மரச்சாமான் கடையாக இருந்த இடம். சுவரெல்லாம் கறுப்புச் சாயம், மேலே வண்ண விளக்குகள், பாட்டு தொடங்கியதும் புகை விடுகிற ஒரு எந்திரம். வாசலில் காபி கவுண்டர். பாஸ்டர் கிழிந்த ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, மேடை விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து பேசுவார். விளக்கு மட்டும்தான் புதுசு என்று எனக்குப் புரிய ரொம்ப நாளானது. ஆண்கள் முகாமில் கயிறு இழுக்கிற போட்டி வைத்து, தலைமைப் பண்பு பற்றிப் பேசுகிறார்கள். பெண்கள் முகாமில் முகத்துக்கு என்னத்தையோ பூசிவிட்டு, பொறுமை பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் "போர்வீரர்கள்". நாங்கள் "ராஜகுமாரிகள்". ராஜகுமாரிகள்தான் முகாம் முடிந்து நாற்காலி அடுக்குகிறார்கள்.

வார நாட்களில் நான் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் ஷிப்ட் பொறுப்பாளர். அந்த மொழி எனக்கு அங்கேதான், போனில் சண்டை போட்டுப் போட்டு வந்தது. முதலில் வந்தது திட்டுதான். ஜெபம் எல்லாம் பிறகு வந்தது. அங்கே நான் "நிறுத்து" என்றால் லாரி நிற்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைக்கைக் கையில் எடுப்பதற்குக்கூட ஒரு மூப்பரின் முகத்தைப் பார்த்துக் கண்ணாலேயே அனுமதி கேட்பேன். இதில் எந்தப் பெண் நான் என்று எனக்கே சில நாள் குழம்பிவிடும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் விசுவாசி. அந்தக் குடும்பத்தில் பிறந்துவிட்டதால் அல்ல, பழக்கத்தால் அல்ல, நிஜமாகவே. அலுவலகப் படிக்கட்டில் ஏறும்போது ஜெபிக்கிறவள். இவ்வளவு எரிச்சலும் அதனால்தான் வருகிறது. நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் எப்போதோ கையை உதறிவிட்டுப் போயிருப்பேன்.

என் தங்கச்சியின் கணவன் எங்கள் ஆராதனைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவன். "கிட்டார் பிரதர்" என்றால் எல்லாருக்கும் உயிர். அவன் வாசித்தால் பரலோகமே இறங்கி வருகிறதாம். வருமோ என்னவோ, பயிற்சிக்குக் கிளம்பும்போது அவன் வாசல் கதவை வெளியே பூட்டிவிட்டுத்தான் போவான். உள்ளே என் தங்கச்சி. அவளுடைய போன் அவன் சட்டைப் பையில். கேட்டால், "காலம் கெட்டுக் கிடக்கு, உன் பாதுகாப்புக்குத்தான்" என்பான். ஒரு நாள் அவன் கதவை இழுத்துச் சாத்தும்போது அவள் வெளியே வரக் கையை நீட்டியிருக்கிறாள். கை நடுவில் இருப்பதைப் பார்த்துவிட்டும் அவன் இழுப்பதை நிறுத்தவில்லை. இடது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு நேராக என் வீட்டுக்கு வந்தாள். அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அக்கா, வாசக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டுத் தர்றியா?"

"பூட்டு இருக்கேடி."

"பூட்டு வெளியே இருந்தும் பூட்டலாம்க்கா. தாழ்ப்பாள் உள்ளே இருக்கறவளுக்குத்தான்."

அன்றைக்கே வாங்கி வந்து, நானே திருப்புளியை எடுத்து முடுக்கினேன். தாழ்ப்பாள் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் அதைப் போட்டுவிட்டு அவள் பின்னறையில் படுத்து, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

சபைக்கு விஷயம் தெரிந்ததும் எல்லாரும் அன்பாகத்தான் பேசினார்கள். அதுதான் பெரிய தொல்லை. கத்தினால் நானும் கத்தலாம். பாஸ்டரம்மா பழக்கூடையோடு வந்து, தங்கச்சியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பொண்ணு நெனச்சா வீட்டைக் கட்டலாம்மா" என்றார். கதவைப் பற்றி நான் ஆரம்பித்தபோது, "அவனுக்கும் கவுன்சலிங் நடக்குதும்மா, ரெண்டு பக்கமும் இருக்குமில்ல" என்றார். குடும்ப மாநாடு வருகிறது, ஞாயிறு காலை நடக்கிற கடைசிக் கூட்டத்துக்கு மட்டும் வந்து பின்னால் உட்கார்ந்தால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் கணவர் கெட்டவர் இல்லை. மைத்துனியை வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் அவரை மூப்பராக்கப் போகிறார்கள். மாநாட்டின் கடைசிக் கூட்டத்தில் அறிவிப்பு. மூப்பர் ஆகிறவரின் வீடு ஒழுங்காக இருக்க வேண்டும். வீடு என்றால் நான்.

"அவ வந்துட்டுப் போகட்டும்மா. நம்ம வீட்ல இருக்கறப்ப வராம இருந்தா, நாமதான் தடுக்கறோம்னு பேசுவாங்க" என்றார்.

"இந்த ஒரு கூட்டத்துக்கு நான் மொழிபெயர்க்கலங்க. தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லிடுங்க."

"வேற யாரு இருக்கா, சொல்லு? நீ இல்லன்னா கூட்டமே நடக்காது."

இதுதான் வேடிக்கை. நான் இல்லாவிட்டால் கூட்டம் நடக்காது. ஆனாலும் எனக்குக் கருத்து கிடையாது.

ஞாயிறு காலை சமையலறையில் தங்கச்சி ஒரு கையால் தம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தம்பதிகளை முன்னாடி கூப்பிடுவாங்க, இல்ல?"

"கடைசியில ஜெபத்துக்குக் கூப்பிடுவாங்க. எல்லா மாநாட்லயும் உண்டு."

"அப்ப என்னையும் கூப்பிடுவாங்க."

"பேரைச் சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டாங்கடி."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். "அக்கா, எனக்கு அவங்க மொழி ஒரு எழுத்து தெரியாது. நான் கேட்ட பிரசங்கம் எல்லாம் உன் குரல்லதான் கேட்டிருக்கேன். பரலோகம், நரகம் எல்லாமே உன் குரல்தான். வேற யாரு கூப்பிட்டாலும் நான் உக்காந்திருப்பேன். நீ 'வா மகளே'ன்னு கூப்பிட்டா என் கால் தானா எந்திரிச்சிரும். அவனோட போயிருவேன். சொல்லிட்டேன்."

"அவர் சொன்னா நான் சொல்லித்தானே ஆகணும்?"

"தெரியும்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உடை மாற்றப் போனாள்.

மண்டபத்துக்கு முன்னதாகவே போய்விட்டோம். மகளை மேல்மாடிச் சிறுவர் வகுப்பில் விட்டு, அவள் கையில் கட்டுகிற பட்டையின் மறுபாதியை வழக்கம்போல் என் கணவர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பட்டையைக் காட்டினால்தான் பிள்ளையை வெளியே விடுவார்கள். பாஸ்டர் என்னைக் கை காட்டிக் காபி அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே, அன்று காலையில்தான் ஊருக்கு வந்து சேர்ந்த விருந்தினர் பிரசங்கியார் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, களைத்த கண்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து வணக்கம் சொன்னார். கெட்ட மனிதராகத் தெரியவில்லை.

"கூட்டத்துக்கு முன்னாடி ஒரு சின்ன விஷயம் அவர்கிட்ட பேசணும் சிஸ்டர். கொஞ்சம் சொல்லுங்க" என்றார் பாஸ்டர். நானும் வழக்கம்போல் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன்.

"எங்க சபையில ஒரு தம்பதி. பையன் நல்ல ஊழியக்காரன், கிட்டார் வாசிக்கறவன். சின்ன மனஸ்தாபம், பொண்ணு கோவிச்சுக்கிட்டு வெளியே வந்துட்டா."

பாஸ்டர் காத்திருந்தார். சின்ன மனஸ்தாபம் என்பதற்கு அந்த மொழியில் என்ன சொல்வார்களோ, அதைச் சொன்னேன்.

"கடைசி வரிசையில உக்காந்திருப்பா. இடது கையில கட்டு. பாத்ரூம்ல வழுக்கிட்டா போல."

"பாஸ்டர், வழுக்கல. கதவு..."

அவர் புன்னகை மாறாமல் என் பக்கம் திரும்பினார். "சிஸ்டர், நான் சொல்றதை மட்டும் சொல்லுங்க."

சொன்னேன். வழுக்கினாள் என்று என் வாயாலேயே சொன்னேன்.

பிரசங்கியார், அந்தப் பெண்ணுக்குக் குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பாஸ்டர் காபியை ஒரு மிடறு குடித்தார்.

"ஒரு அக்கா இருக்காங்க. நல்ல விசுவாசிதான். ஆனா பாசம் அவங்க கண்ணை மறைக்குது. வேலைக்குப் போறவங்க, கொஞ்சம் துணிச்சல் ஜாஸ்தி."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். நான் அந்த அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். துணிச்சல் ஜாஸ்தி என்பதற்குச் சரியான சொல் கிடைக்கச் சற்று யோசிக்க வேண்டியிருந்தது. பிரசங்கியார் உருக்கமாகத் தலையசைத்து, அந்த அக்காவுக்காகவும் ஜெபிப்போம் என்றார். கண்ணை மூடினோம். அந்த அக்காவின் பிடிவாதம் உடைய வேண்டும் என்று அவர் ஜெபிக்க, நான் வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் ஜெபித்து, கடைசியில் ஆமென் சொன்னேன். இதைவிடக் கச்சிதமாக ஒரு மனுஷியை மடக்கிவிட முடியாது. சிரிப்பு வந்தது, அதைவிட அழுகை வந்தது, இரண்டையும் விழுங்கிவிட்டு எழுந்தேன்.

கூட்டம் தொடங்கியது. புகை வந்தது. கிட்டார் பிரதர் கண்ணை மூடி வாசித்தான், பெண்கள் கையை உயர்த்திப் பாடினார்கள். நான் என் பெருக்கல் குறி மேல் போய் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் கடைசி வரிசை இருட்டாக இருக்கும், ஆனால் வெள்ளைக் கட்டு மட்டும் தெரிந்தது. அவளுக்கு இந்தப் பக்கம் பாஸ்டரம்மா, அந்தப் பக்கம் இன்னொரு மூப்பரின் மனைவி. நடுவில் அவள் எழுந்து போய்விடக் கூடாதே என்று உட்கார்ந்த மாதிரி இருந்தது.

பிரசங்கியார் நன்றாகத்தான் பேசினார். முதலில் நகைச்சுவை. "என் மனைவி பேச ஆரம்பித்தால் நான் ஜெபிக்க ஆரம்பிப்பேன்" என்றார். நானும் சொன்னேன், என் மனைவி பேச ஆரம்பித்தால் நான் ஜெபிக்க ஆரம்பிப்பேன். மண்டபமே சிரித்தது. பிறகு, வீட்டில் ஒருவன்தான் ஸ்டியரிங் பிடிக்க முடியும் என்றார். பக்கத்து இருக்கையில் இருப்பவள் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தால் வண்டி கவிழும் என்றார். சபையில் அமைதியாக இருக்கிற பெண்தான் ஆண்டவருக்குப் பிரியமான பெண் என்றார். அதையும் நான் மைக்கில், கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி, உரக்கச் சொன்னேன். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்தது.

இதுவரை எல்லாம் வழக்கமான தண்ணீர். இதைவிடக் கலங்கலான தண்ணீரெல்லாம் என் வழியாகப் போயிருக்கிறது. தம்பதிகளைக் கூப்பிடுவார், எல்லாரையும் பொதுவாகக் கூப்பிடுவார், நான் அதை எவ்வளவு சப்பென்று சொல்ல முடியுமோ அவ்வளவு சப்பென்று சொல்லிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

விளக்கு மங்கியது. கிட்டார் மெல்லக் கேட்டது. பிரசங்கியார் குரலைத் தாழ்த்தினார்.

"நான் இந்த இடத்துக்கு இதற்கு முன் வந்ததில்லை" என்றார்.

சொன்னேன்.

"எனக்கு இங்கே யாரையும் தெரியாது."

சொன்னேன்.

கண்ணை மூடி, நெற்றியில் விரல் வைத்துக்கொண்டார். "ஆனால் இந்த நேரத்தில் ஆண்டவர் எனக்கு ஒரு மகளைக் காட்டுகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். அவளுடைய இடது கையில் ஒரு கட்டு இருக்கிறது."

நான் வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை.

பயந்து நின்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கோபம். என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. எனக்குத் தாடி வைத்தீர்கள், சரி. எனக்கு மனைவிகளைக் கொடுத்தீர்கள், சரி. என் பிடிவாதம் உடைய என்னையே ஜெபிக்க வைத்தீர்கள், அதையும் முழுங்கினேன். ஆனால் ஆண்டவர் காட்டினார் என்று சொல்ல முடியாது. அவர் காட்டவில்லை. காபி அறையில், காலையில், பாஸ்டர் காட்டினார். அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது நான். நான் ஒவ்வொரு படிக்கட்டிலும் கூப்பிடுகிற பெயர் அது. அதை என் தங்கச்சியைப் பிடிக்கிற கண்ணியாக்கி என் வாயிலேயே வைக்கப் பார்த்தார்கள்.

பிரசங்கியார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கேட்கவில்லை போலும் என்று நினைத்து, மறுபடி நிதானமாகச் சொன்னார். நான் நின்றேன். முதல் வரிசையில் பாஸ்டர் "ம், ம்" என்று கையை ஆட்டினார். அவருக்குப் பக்கத்தில் என் கணவர், புதுச் சட்டையில், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடு "ப்ளீஸ்" என்றது தெரிந்தது. மண்டபத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. கிட்டார் மட்டும் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது.

கடைசி வரிசையில் பாஸ்டரம்மா தங்கச்சியின் காதில் என்னவோ சொல்லி, முழங்கையைப் பிடித்துத் தூக்குவது தெரிந்தது. அவள் எழுந்தாள். பாதி எழுந்து, முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்தப் பெரிய மண்டபத்தில், மைக் இல்லாமல், வீட்டில் அடுத்த அறையிலிருந்து கேட்கிற மாதிரி கேட்டாள்:

"அக்கா, அவரு என்ன சொல்றாரு?"

அவள் கேட்டது சபையை அல்ல, பிரசங்கியாரை அல்ல. என்னை. அக்காவிடம் தங்கச்சி கேட்டால் பதில் சொல்ல மூப்பரின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

"ஆண்டவர் உன்னைக் காட்டறாருன்னு சொல்றாரு" என்றேன். "ஆனா காலையில காபி ரூம்ல பாஸ்டர்தான்டி உன்னைப் பத்தி அவர்கிட்ட சொன்னாரு. கையில கட்டு இருக்கும், கடைசி வரிசையில இருப்பான்னு. நடுவுல உக்காந்து சொன்னது நான்தான்."

மைக் என் வாயருகேதான் இருந்தது. நான் அதை மறந்திருந்தேன் என்று சொன்னால் பொய். நினைவிருந்தது.

உடனே மைக் செத்தது. பின்னால் ஒலிப்பெட்டிக்காரர் விரலை எடுத்துக்கொள்வதைப் பார்த்தேன். பிரசங்கியார் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் எழுந்து பாட்டுக் குழுவைப் பார்த்தார். டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தது. புகை எந்திரம்கூட மறுபடி வேலை செய்தது. எல்லாரும் எழுந்து நின்று பாடினார்கள், எந்தப் பாட்டென்று தெரியாமலே பலர் பாடினார்கள்.

தங்கச்சி பாஸ்டரம்மாவின் கையை எடுத்துவிட்டு நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் இருந்த வழியில் இறங்கி நடந்து வந்தாள். எல்லாரும் வழி விட்டார்கள். மேடையில் கிட்டார் பிரதர் கிட்டாரை இறக்கி வைத்துவிட்டு, விளிம்புக்கு வந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவன் கண்ணில் கண்ணீர்கூட இருந்தது. அவள் அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. என் பெருக்கல் குறிக்கு வந்து நின்றாள்.

"வாக்கா, போலாம்."

நானும் போகத்தான் நினைத்தேன். ஒரு அடிகூட எடுத்தேன்.

"பாப்பா மேல இருக்கா" என்றேன். "பட்டை அத்தான் பையில இருக்கு."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. பூட்டிய வீட்டில் இருந்தவளுக்கு இதெல்லாம் சொல்லித் தர வேண்டியதில்லை. நான் கைப்பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவள் நல்ல கையில் வைத்து மூடினேன்.

"உள்ளே போய் தாழ்ப்பாள் போட்டுக்கோ. யார் தட்டினாலும் திறக்காதே. நான் வந்து குரல் குடுப்பேன்."

அவள் தலையசைத்துவிட்டு, பக்கவாட்டுக் கதவு வழியாகப் போனாள். கதவு திறந்தபோது வெளியே நல்ல வெயில் இருந்தது. பிறகு கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அந்தக் கறுப்பு மண்டபத்தில், கீழே, செத்த மைக்கோடு நான் நின்றேன். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒரு மூப்பர் வந்து, குழந்தையிடமிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி, மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். "கொஞ்ச நாள் ஓய்வெடுங்க சிஸ்டர்" என்றார். கடைசியில் அறிவிப்பு நேரத்தில் ஆண்கள் முகாமின் தேதியைச் சொன்னார்கள். என் கணவரின் பெயரைச் சொல்லவில்லை.

மகளைக் கூட்டிக்கொண்டு காரில் கிளம்பினோம். சிக்னலில் நின்றபோது அவர் பேசினார்.

"நாளைக்கு ரெண்டு பேருமாப் போய் மன்னிப்புக் கேட்டுரலாம்."

"பொய்யா சொன்னேன்?"

"நான் அதைக் கேக்கல." ஸ்டியரிங்கை விடாமல், சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனிமே அங்க எப்படி முகத்தைக் காட்றது? நம்ம கல்யாணம் அங்க நடந்துச்சு. பாப்பாவுக்குப் பேர் வெச்சது அங்க. நமக்குன்னு இருக்கற மனுஷங்க எல்லாருமே அங்கதான் இருக்காங்க. உனக்கு வேற யாரைத் தெரியும், சொல்லு?"

யோசித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் லாரி ஓட்டுனர்களைத் தெரியும். வேறு யாரையும் தெரியாது. என் சிநேகிதிகள், என் மகளின் சிநேகிதிகள், பிள்ளை பெற்றபோது சமைத்துக் கொடுத்தவர்கள், காய்ச்சலில் கிடந்தபோது வந்து உட்கார்ந்தவர்கள், எல்லாரும் அந்தப் புகைக்குள்தான் இருந்தார்கள். அடுத்த ஞாயிறும் அவர் கிளம்புவார், மகள் கிளம்புவாள், நானும் முடியை வாரிக்கொண்டு கிளம்புவேன் என்று எனக்குத் தெரிந்தது. எங்கே உட்காருவேன், யார் பக்கத்தில் உட்காருவார்கள் என்பதுதான் தெரியவில்லை.

பின் இருக்கையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். மேல்மாடியில் படம் வரைந்துகொண்டிருந்தவளுக்கு ஒன்றும் தெரியாது.

"இன்னைக்கு நீ யாரும்மா?"

"பேசாம வா" என்றார் அவர்.

மாடிப்படி ஏறினோம். முன்னால் நான், பின்னால் மகள், கடைசியில் அவர். சாவி இல்லாததால் கதவைத் தட்டினேன். உள்ளே ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு ஒன்றும் இல்லை.

"சொந்த வீட்டுக்கே தட்டிக்கிட்டு நிக்கணும்னு இருக்கு பாரு" என்றார் அவர், முதுகுக்குப் பின்னாலிருந்து.

மறுபடியும் தட்டினேன். கதவுக்கு மிக அருகில் வந்து, மூச்சை அடக்கிக்கொண்டு, தங்கச்சி கேட்டாள்:

"யாரு?"

"நான்தான்" என்றேன்.

கோணல் தாழ்ப்பாள் இரண்டு முறை சிக்கி, பிறகு திறந்தது.